கோர்ட்டில் பிள்ளையின் நாடித்துடிப்பு 190... பதற வேண்டுமா?

டென்னிஸ் ஆடும் சிறுவர்களின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இதயக் கணக்கு

காலை ஐந்தரை மணி. கோவிலம்பாக்கத்தில் மேடவாக்கம் மெயின் ரோடு இன்னும் முழுசாக விழித்திருக்காது. மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்திலேயே முதுகில் ராக்கெட் பையோடு, ஸ்கூட்டரில் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ரேடியல் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் டென்னிஸ் கோர்ட்டுகளுக்கும், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்துப் பயிற்சி மையங்களுக்கும் போகிற கூட்டம் அது. ஏழு மணிக்குள் பயிற்சி முடிந்தால்தான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஸ்கூல் வேனைப் பிடிக்க முடியும்.

இப்போது இந்தப் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு புதுப் பொருளும் சேர்ந்திருக்கிறது. பிறந்தநாள் பரிசாக வந்த ஸ்மார்ட்வாட்ச் அல்லது ஃபிட்னஸ் பேண்ட். கோர்ட்டில் பிள்ளை ஓட, கம்பி வேலிக்கு வெளியே அம்மாவின் போனில் எண்கள் ஓடுகின்றன. 118... 152... 174... 191. 'ஐயோ, 191-ஆ?' என்று ஒரு பெற்றோர் பதறுகிறார். 'என் பையனுக்கு 170-ஐத் தாண்டவே இல்லை, அவன் நல்லா ஆடலையோ?' என்று இன்னொருவர் கவலைப்படுகிறார்.

இரண்டு பேருமே ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நாடித்துடிப்பை மதிப்பெண் பட்டியலைப் போலப் படிக்கிறார்கள். ஆனால், அது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் எண் அல்ல. அதே பிள்ளையின் நேற்றைய எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

டென்னிஸ் ஆடும்போது இதயத்தில் என்ன நடக்கிறது?

ஒரு மணி நேரம் டென்னிஸ் ஆடினால் ஒரு மணி நேரம் ஓடியதாகக் கணக்கில்லை. பெரும்பாலான ரேலிகள் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். அடுத்த சர்வீஸுக்கு முன் 25 விநாடி வரை இடைவெளி உண்டு. பக்கம் மாறும்போது 90 விநாடி, ஒரு செட் முடிந்தால் 120 விநாடி ஓய்வு. பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம், களிமண் தரையில் மொத்த நேரத்தில் 20 முதல் 30 சதவிகிதம்தான். வேகமான தரையில் 10 முதல் 15 சதவிகிதம். அதாவது, ஒரு மணி நேரம் ஆடினால் சுமார் 6 நிமிடத்திலிருந்து 18 நிமிடம் வரைதான் உண்மையான ஓட்டமும் அடியும்.

ஆனால், இதயம் அந்த இடைவெளிகளில் முழுதாக இறங்கிவிடாது. ஆட்டம் முழுவதும் சராசரியாக அதன் உச்சத் துடிப்பில் 60 முதல் 80 சதவிகிதத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட ரேலியில் ஏறும்; நாற்காலியில் உட்காரும்போது இறங்கும்; மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் டென்னிஸின் தாளம்.

ஏரோபிக் ஃபிட்னஸ், அதாவது ஆக்சிஜனைப் பயன்படுத்தி நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன், இங்கேதான் வேலை செய்கிறது. நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடிப்போய் ஒரு பந்தை அடிக்கும்போது, தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் சக்தி செலவாகிறது. அது மேல்தொட்டித் தண்ணீர். சிறிய தொட்டி, சில விநாடிகளில் குறைந்துவிடும். அடுத்த புள்ளிக்கு முன் அதை நிரப்பும் மோட்டார்தான் ஏரோபிக் திறன். மோட்டார் வலுவாக இருந்தால் அந்த 25 விநாடிக்குள் தொட்டி ஓரளவு நிரம்பிவிடும். மோட்டார் திணறினால் முதல் செட்டில் கோட்டை ஒட்டி விழுந்த பந்து, மூன்றாவது செட்டில் வலையில் போய் விழும். அப்போது கோச்சும் பெற்றோரும் 'கவனம் இல்லை' என்று திட்டுவார்கள். பிரச்னை கவனத்தில் இல்லாமல் மூச்சில் இருக்கலாம்.

'220-லிருந்து வயதைக் கழி' - சிறுவர்களுக்குப் பொருந்துமா?

உச்ச நாடித்துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கச் சொல்வார்கள். ஜிம் சுவரிலும் வாட்ச் ஆப்பிலும் இதுதான் இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் பெரியவர்களைப் பற்றிய தகவல்களை வைத்துத் தோராயமாகப் போட்ட கணக்கு இது. இதன்படி 12 வயதுப் பிள்ளையின் உச்சம் 208. ஆனால், பதின்பருவம் முடியும் வரை பிள்ளைகளின் உச்சத் துடிப்பு வயதோடு பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலும் 195 முதல் 205 வரை இருக்கும். 2001-ல் வெளியான தனாகா குழுவின் சூத்திரம் வேறு மாதிரி: வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-லிருந்து கழிக்க வேண்டும். அதன்படி 12 வயதுக்கு சுமார் 200. சிறுவர்களுக்கு இது கொஞ்சம் நெருங்கி வருகிறது.

எந்தச் சூத்திரமாக இருந்தாலும் ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இடையே பத்துத் துடிப்புக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒருவருக்கு 190 என்பது முழு உச்சம். இன்னொருவருக்கு அது உச்சத்துக்கு இன்னும் 15 துடிப்பு கீழே. ஆகவே, கடுமையான ரேலி முடிந்த அந்த நொடியில் 191 என்று காட்டினால், பிள்ளை சிரித்துப் பேசிக்கொண்டு அடுத்த புள்ளிக்குத் தயாராக நின்றால், பதற ஒன்றுமில்லை.

எண் எவ்வளவு ஏறியது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பதைப் பாருங்கள். பெரியவர்களைவிடச் சிறுவர்களின் துடிப்பு வேகமாகவே இறங்கும். ரேலி நின்று ஒரு நிமிடம் கழித்து எவ்வளவு குறைகிறது என்று வாரம் ஒருமுறை, ஒரே மாதிரியான பயிற்சிக்குப் பிறகு குறித்து வைத்தால் போதும். இறங்கும் வேகம் மாதக்கணக்கில் கூடினால் மோட்டார் பலப்படுகிறது என்று அர்த்தம்.

கடிகாரம் சொல்வது உண்மையா?

கம்பியில்லாத நாடித்துடிப்புக் கருவி முதலில் பனிச்சறுக்கு வீரர்களுக்காக வந்தது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழக எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் செப்போ சைனாயாகங்காஸ் 1977-ல் தொடங்கிய போலார் நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் மார்பில் கட்டும் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. இன்றும் ஓடும்போது நம்பகமான அளவு வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான் முதல் தேர்வு.

கையில் கட்டும் வாட்ச் வேறு முறையில் இயங்குகிறது. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்த ஓட்டத்தால் அந்த ஒளி மாறுவதை வைத்துத் துடிப்பைக் கணிக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் சீராக ஓடும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். டென்னிஸில்தான் சிக்கல். ராக்கெட்டை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டுத் தசைகள் அசைகின்றன. வியர்வையில் பட்டை நழுவுகிறது. சிறு பிள்ளைகளின் மெல்லிய மணிக்கட்டில் வாட்ச் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதனால், ராக்கெட் பிடிக்காத கையில், மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேலே, தளராமல் கட்ட வேண்டும். அப்படியும் திடீரென்று ஒரு விநாடி 220 காட்டினால் முதலில் கருவியைச் சந்தேகிக்கலாம்.

கருவி எதுவும் இல்லாமலும் அளக்கலாம். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்துத் துடிப்பை எண்ணுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் குழப்பும். ஓய்வில் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். ஆட்டம் நின்றவுடன் என்றால் 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். அதற்கு மேல் எண்ணிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும்.

போட்டி நாளில் ஒரு எச்சரிக்கை. ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி-யே ஆட்டத்தின்போது உடலில் அணியும் கருவிகளுக்கு 2024-ல்தான் அனுமதி கொடுத்தது. தகவல் அனுப்ப வாய்ப்புள்ள ஸ்மார்ட்வாட்ச்சை ஜூனியர் போட்டிகளில் அணியலாமா என்று ரெஃப்ரீயிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மூச்சை எப்படி அளப்பது?

ஏரோபிக் திறனைத் துல்லியமாக அளக்கும் முறை, முகத்தில் மாஸ்க் மாட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டு, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது. ஒரு நிமிடத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை மில்லிலிட்டர் என்பது கணக்கு. சென்னைப் பக்கத்தில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைந்த விளையாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. கோவிலம்பாக்கத்திலிருந்து தெற்கே, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டு உடலியலைப் பாடமாகவே படிக்கும் இடம் அது.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஆய்வகம் தேவையில்லை. கோர்ட்டிலேயே செய்யக்கூடியது 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம். 'பீப் டெஸ்ட்' என்றால் பல கோச்களுக்குத் தெரியும். கனடாவில் லுக் லெஜே 1980-களில் உருவாக்கியது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். பீப் சத்தத்துக்குள் ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்குப் போக வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் அரை கிலோமீட்டர் கூடும். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். பக்கக் கோட்டுக்கு வெளியே 20 மீட்டரை டேப் வைத்து அளந்து இரண்டு கூம்புகள் வைத்தால் டெஸ்ட் தயார்.

டென்னிஸுக்கென்றே ஒரு தேர்வும் உண்டு. ஜெர்மனியின் அலெக்ஸாண்டர் ஃபெராட்டி குழு 2011-ல் வெளியிட்ட 'ஹிட் அண்ட் டர்ன்' தேர்வில், பேஸ்லைனில் இடமும் வலமுமாக ஓடி, ஒலி கேட்கும்போதெல்லாம் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் ஷாட் அடிப்பதைப் போலச் செய்து திரும்ப வேண்டும். நேராக மட்டும் ஓடும் ஓட்டத்தைவிட ஆட்டத்துக்கு நெருக்கமான தேர்வு இது. பள்ளிகளில் கேலோ இந்தியா உடல்திறன் மதிப்பீட்டில் வரும் 600 மீட்டர் ஓட்டமும் பயன்படும். பள்ளி ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். 12, 13 வயதில் ஒரு பிள்ளை சட்டென்று வளர்ந்திருப்பான்; இன்னொரு பிள்ளைக்கு அந்த வளர்ச்சி இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். தேர்வு முடிவில் தெரியும் வித்தியாசத்தில் பயிற்சியின் பங்கைவிட வளர்ச்சியின் பங்கு அதிகமாக இருக்கலாம். இந்த எண்களை வைத்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதும், ஒதுக்குவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

மெட்ராஸின் நோயாளிச் சிறுவன்

சென்னைக்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1953-ல் மெட்ராஸில் பிறந்த விஜய் அமிர்தராஜ், சிறுவயதில் நுரையீரல் கோளாறால் அடிக்கடி நோயில் விழுந்த பிள்ளை. அவரை டென்னிஸ் கோர்ட்டுக்கு அனுப்பியவர் அம்மா மேகி அமிர்தராஜ். பிள்ளை சாம்பியன் ஆக வேண்டும் என்பதைவிட, உடம்பு தேற வேண்டும் என்பதே அப்போதைய தேவை. அந்தச் சிறுவன்தான் 1973-ல் ஒரே ஆண்டில் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதிக்குப் போனார்.

1985-ல் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து ஓர் அகாடமியைத் தொடங்கியது. அங்கே வந்து சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் லியாண்டர் பயஸ். அவருடைய அப்பா வேஸ் பயஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் இருந்தவர், விளையாட்டு மருத்துவரும்கூட. லியாண்டர் 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தையும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலத்தையும் வென்றார். 2024-ல் விஜய் அமிர்தராஜும் லியாண்டரும் சேர்ந்தே சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்கள்.

இப்போது கோவையின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி 15 வயதில், 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பன் டபிள்யூ.டி.ஏ 125 போட்டியின் அரையிறுதி வரை போன பிறகு, தமிழ்நாட்டுப் பெற்றோரின் கனவு இன்னும் பெரிதாகியிருக்கிறது. கனவு நல்லதுதான். அவசரம்தான் ஆபத்து.

சென்னை வெயில் போடும் கூடுதல் கணக்கு

அதே பிள்ளை, அதே பயிற்சி. டிசம்பர் காலையில் 160 காட்டும் இதயம், மே மாதத்தில் அதைவிட அதிகம் காட்டும். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலை நோக்கிப் போகிறது. வியர்வையில் நீர் குறைகிறது. மிச்ச ரத்தத்தை வைத்தே தசைகளுக்கும் கொடுக்க வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே, கத்திரி வெயில் காலத்தில் 'போன மாசத்தைவிட ஃபிட்னஸ் குறைஞ்சுடுச்சு' என்று முடிவு கட்டக் கூடாது.

கடற்கரை ஊரான சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. அதனால்தான் சர்வதேச டென்னிஸில் வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'வெட் பல்ப் குளோப்' அளவைப் பார்க்கிறார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் இந்த அளவு 30.1 டிகிரியைத் தாண்டினால் கூடுதல் இடைவேளை, 32.2-ஐத் தாண்டினால் ஆட்டம் நிறுத்தம்.

சிறுவர்களின் உடல் வெப்பத்தைத் தாங்காது என்ற பழைய கருத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2011-ல் மாற்றிக்கொண்டது. போதிய தண்ணீரும் ஓய்வும் இருந்தால் அவர்கள் பெரியவர்களைப் போலவே சமாளிப்பார்கள். பெரும்பாலான ஆபத்து, ஓய்வில்லாத அட்டவணையிலிருந்தும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலிருந்தும்தான் வருகிறது என்றது. இவை இரண்டுமே பெரியவர்கள் கையில் இருக்கும் விஷயங்கள்.

எந்த வாட்ச்சும் சொல்லாத எச்சரிக்கைகள்

வாட்ச் இயல்பான எண்ணைக் காட்டினாலும் சில அறிகுறிகளை விடவே கூடாது.

• ஓடும்போது நெஞ்சில் வலி அல்லது அழுத்தம்.
• ஆட்டத்தின் நடுவில் மயக்கம், அல்லது மயக்கம் வருவதுபோல் கண் இருட்டுவது.
• உட்கார்ந்து ஓய்வெடுத்தும் அடங்காத, திடீரென்று தொடங்கும் படபடப்பு.
• கூட ஆடும் பிள்ளைகளைவிட மிக அதிகமாக மூச்சு வாங்குவது.
• குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் இதய நோயால் திடீரென்று இறந்திருப்பது.

அமெரிக்க இதயச் சங்கம் இளம் விளையாட்டு வீரர்களுக்காக வைத்திருக்கும் 14 அம்சப் பரிசோதனைப் பட்டியலில் இப்படிப்பட்ட கேள்விகள்தான் இருக்கின்றன. இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரைக் கோளாறு போன்றவை வெளியே தெரியாமல் இருக்கும். மருத்துவர், ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ மூலம்தான் கண்டுபிடிக்க முடியும். ஆப்பிள் வாட்ச்சின் ஈசிஜி வசதிகூட 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கோர்ட்டுக்கு லீவுதான்.

வெயிலில் ஆடும் பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ வெப்ப வாதமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடனே உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். திடீரென்று சுருண்டு விழுந்து மூச்சு இல்லையென்றால் நெஞ்சழுத்த முதலுதவியான சி.பி.ஆர் உடனே தொடங்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் முன் கோச்சிடம் கட்டணம் கேட்பதுபோல, 'இங்கே சி.பி.ஆர் தெரிந்தவர் யார்?' என்றும் கேளுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு?

விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தி, அமெரிக்காவில் இளம் வீரர்களை வைத்து நடத்திய ஆய்வுகளிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ள எளிதான ஓர் அளவு கிடைக்கிறது. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சி கூடாது. 11 வயதென்றால் 11 மணி நேரம். அதைத் தாண்டிய பிள்ளைகளிடம், தொடர்ந்த பயன்பாட்டால் வரும் கடுமையான காயங்கள் அதிகமாக இருந்தன. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று வாரத்தில் ஆறு நாள் அனுப்பினால் 24 மணி நேரம் ஆகிறது. கூட்டிப் பார்த்தால் பல பெற்றோருக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

ஏரோபிக் திறனை வளர்க்க இதற்கு மேல் தனியாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடவிடவும் வேண்டாம். சைக்கிள், நீச்சல், தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவது, கால்பந்து எல்லாமே அந்த மோட்டாரை வளர்ப்பவைதான்.

பத்து ரூபாய் நோட்டு போதும்

வாட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். காலையில் கண் விழித்ததும், படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் பிள்ளையே தன் நாடித்துடிப்பை எண்ணி எழுதட்டும். பத்து வயதுக்கு மேல் ஓய்வில் 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. நன்றாகப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு இன்னும் குறையலாம். இரண்டு, மூன்று வாரம் எழுதினால் அந்தப் பிள்ளையின் வழக்கமான அளவு தெரிந்துவிடும். அதைவிடத் தெளிவாக அதிகமான எண் தொடர்ந்து சில நாள் வந்தால், காய்ச்சல் வரப்போகிறது, தூக்கம் போதவில்லை, அல்லது பயிற்சி அதிகமாகிவிட்டது. பரீட்சை பயமாகவும் இருக்கலாம். அன்றைக்குப் பயிற்சியைக் குறைக்கலாம்.

பக்கத்தில் இன்னொரு எண். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, 'இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?' என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை, பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடப் பயிற்சிக்கு '5' என்றால் 450. விளையாட்டு விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் அறிமுகப்படுத்திய இந்த முறையைப் பெரிய கிளப்புகளும் பயன்படுத்துகின்றன. போன வாரம் '5' சொன்ன அதே பயிற்சிக்கு இந்த வாரம் '8' சொன்னால், பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது.

பதில் எதுவாக இருந்தாலும் திட்டாமல் இருப்பது முக்கியம். ஒருமுறை திட்டு வாங்கினால் அடுத்த நாளிலிருந்து நோட்டில் எப்போதும் '4' தான் இருக்கும்.

ஏழு மணி. கோவிலம்பாக்கத்துக்கு ஸ்கூட்டர்கள் திரும்பி வருகின்றன. மெயின் ரோட்டில் இப்போது நல்ல டிராஃபிக். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிய கையோடு பிள்ளை நோட்டைத் திறக்கிறது. 'காலையில் 74. பயிற்சி 90 நிமிஷம். கஷ்டம் 6. முழங்கால் கொஞ்சம் வலி.'

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மாலைப் பயிற்சிக்கு அனுப்பலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் பெற்றோரின் வேலை.